வெள்ளிக்கிழமை நுரை

சிவமயம்

பிரையர்வில்
3 மார்ச் 1996

அன்புள்ள அண்ணைக்கு பேபி எழுதுவது,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் பிறஷர் எப்படி, அண்ணியின் முழங்கால் நோ தணிந்ததா என்று அறிய ஆவல்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ரெலிபோனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் உறையையாவது கிழிப்பீர்கள் என்று அண்ணிதான் சொன்னா.

நாங்கள் ஸ்காபரோவை விட்டு வந்து ஆறு மாதமாகிறது. ஒஷாவாவுக்கும் வடக்கே ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். முந்நூறு பேர்தான் ஊரில். ஒரு பழைய சேர்ச்சுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். இவருக்கு ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. முதலில் பரீட்சை எழுதிப் பாஸ்பண்ணினார். இப்போது ஒக்ரோபர் வரை தற்காலிக நியமனம்தான். கிராமசபைக் காரியதரிசி பேர்ணடெற் நல்ல மனுசி, ஆனால் கண்டிப்பு. ஓடைக்குள் விடும் தண்ணீர் இரண்டு முறை சோதனையில் தவறினால் நிலையத்தை ஒரு கொம்பனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். பிறகு நாங்கள் திரும்பவும் யாருடையதோ ஒரு பேஸ்மென்ருக்குத்தான் வரவேண்டும்.

பிரச்சினை இதுதான். சில நாட்களில், அதுவும் வெள்ளிக்கிழமைகளில், காற்றடிக்கிற தொட்டியில் வெள்ளையாக நுரை ஏறுகிறது. புளித்த மணம். சேறு அடியில் படியாமல் மிதக்கிறது. இரண்டு மூன்று நாளில் தானாகவே சரிவருகிறது. முந்தி வேலை செய்த கிழவனிடம் கேட்டால், "என் காலத்தில் இப்படி இல்லை" என்று சிரிக்கிறானாம்.

நேற்று இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "உம்மட அண்ணைக்கு எழுதும். உந்தத் தண்ணியின்ர குணம் அவருக்குத்தான் தெரியும்" என்றார். "அவர் உங்களோட கதைக்கிறேல்லையே" என்றேன். "என்னோட வேண்டாம், தண்ணியோட கதைக்கட்டும்" என்கிறார்.

என்ன செய்யலாம், எழுதுங்கோ.

அன்புத் தங்கை
பேபி

*

ஸ்காபரோ
11 மார்ச் 1996

பேபிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். பிறஷர் இருக்கிறது, குளிசையும் இருக்கிறது. தவமணிக்கு முழங்கால் நோகிறது, வாய் நோகவில்லை.

உன் மனுசனுக்காக இதை எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் தண்ணீர், வடிகால் என்று வேலை செய்தவன் நான். இந்த நாட்டில் இப்போது ஒரு பக்ரறியில் பிளாஸ்ரிக் வாளிகளுக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு காலத்தில் என்னிடம் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டது உன் கடிதம்தான். கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை.

கோயில் திறந்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். ஆறு மாதம் குந்தியிருந்து வரைபடம் கீறியவன் நான். முதல் மரியாதையான காளாஞ்சித் தட்டம் உன் மனுசன் சச்சிதானந்தன் கையில். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், தலைவர் நவரட்ணம் சொல்லுகிறார், "இஞ்சினியர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, கமராவுக்கு மறைக்குது." அவன் அந்தத் தட்டத்தை என்னிடம் தந்திருக்கலாம். தரவில்லை. அன்றோடு கோயிலும் இல்லை, அவனும் இல்லை.

இனி விஷயம். அந்தத் தொட்டியில் வேலை செய்வது இயந்திரமல்ல, கிருமிகள். ஊர் விடுகிற கழிவை அவை தின்கின்றன. தின்னும்போது அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். அதற்காகத்தான் புளோவர் காற்றை ஊதுகிறது. குளிரில் கிருமி சோம்பும், சேறு மிதக்கும். இது குளிரால் வந்தது. சேற்றைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டச் சொல். படம் இணைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்பது தற்செயல். கிருமிகளுக்குக் கிழமை தெரியாது.

ஸ்காபரோவை விட்டு ஏன் போனீர்கள்? அதை நீ எழுதவில்லை.

தியாகலிங்கம்

*

சிவமயம்

பிரையர்வில்
29 மார்ச் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதே எனக்குப் பெரிய சுகம். இவருக்குத் தடிமனும் தும்மலும், இப்போது பரவாயில்லை. அண்ணிக்கு நல்லெண்ணெய் பூசி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கோ.

நீங்கள் சொன்னபடியே செய்தார். படத்தை நிலையத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறார். பேர்ணடெற் வந்து பார்த்து, "இது யார் கீறியது, இவ்வளவு அழகாக இருக்கிறதே" என்று கேட்டாவாம். "என்ர மச்சான், ரொறன்ரோவில இஞ்சினியர்" என்று சொன்னாராம். இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

நாலு நாள் நன்றாக இருந்தது. நேற்றுப் பின்னேரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி. இன்றைக்கு வெள்ளி. மத்தியானம் திரும்பவும் நுரை. இவர் தொட்டிக் கரையில் நின்று, "கிழமை தெரியாத கிருமியோ இது? பஞ்சாங்கம் பார்த்தெல்லோ வருது" என்று தலையில் கைவைத்தார்.

இங்கே பனி கரையத் தொடங்கிவிட்டது. வீட்டு வேலையும் கூட. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

தங்கை பேபி

*

ஸ்காபரோ
5 ஏப்ரல் 1996

பேபிக்கு,

தவமணி ஒத்தடம் கொடுக்கிறாள். என் பிறஷர் கூடியிருக்கிறது. காரணம் உன் தொட்டி.

குளிர் என்றால் எல்லா நாளும் இருக்கவேண்டும். இல்லை. பனி கரைந்து குழாய்க்குள் இறங்குகிறது என்றால் தண்ணீர் கூடும், மணம் குறையும். மணம் கூடுகிறது. புளோவர் பழுது என்றால் தானாகச் சரிவராது. வருகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இதை இலேசில் நான் எழுதுவதில்லை.

ஆகவே யாரோ எதையோ ஊற்றுகிறார்கள். இவற்றுக்கு ஒழுங்காகப் பதில் எழுது. ஊரில் உடுப்புத் தோய்க்கும் கடை உண்டா? பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை கழுவி விடுகிறார்களா? பால் பண்ணை, சீஸ் பக்ரறி ஏதும் உண்டா? நீ சொல்லும் மணம் பால் புளித்த மணம் மாதிரி இருக்கிறது. பால்தான் என்றால் சும்மா விஷயமல்ல. ஒரு லீற்றர் பால், ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க விடும் கழிவைவிட அதிக ஒட்சிசன் கேட்கும். முந்நூறு பேருக்குக் கட்டிய தொட்டி மூச்சுத் திணறிப்போகும்.

வீட்டு வேலை கூட என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பேருக்கு என்ன வேலை?

தியாகலிங்கம்

*

சிவமயம்

பிரையர்வில்
28 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகமே வேண்டுவது. பதில் பிந்திவிட்டது, கோபிக்கவேண்டாம்.

உங்கள் கேள்விகளுக்கு இவர் ஒவ்வொரு இடமாகப் போய் விசாரித்தார். உடுப்புத் தோய்க்கும் கடை இல்லை. பள்ளிக்கூடம் மூடிப் பத்து வருஷம். சீஸ் பக்ரறி இல்லை. பால் பண்ணை ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அவர்களுக்குத் தனிக் குழி, எங்கள் குழாயில் சேராது. பாலை வீணாக்குகிற ஆட்கள் இங்கே ஒருவரும் இல்லை, அண்ணை.

வருஷப்பிறப்பு அன்று நிலைமை மிக மோசம். நிறையச் சனம் வந்து போனது, நான் ஓடித்திரிந்ததில் கால் வீங்கிவிட்டது. இவர் காலையில் இருந்து இங்கே எனக்கு உதவி. பின்னேரம் நிலையத்துக்குப் போனால் தொட்டி முழுக்க நுரை. திரும்பி வந்து, "நான் நிண்டு பாக்கேக்க ஒண்டுமில்லை, இஞ்சால திரும்பினோடன பொங்குது. உது என்னில ஏதோ கோவம்" என்றார். வாளியால் நுரையை அள்ளினாராம்.

வேறு என்ன பார்க்கலாம்?

தங்கை பேபி

*

ஸ்காபரோ
6 மே 1996

பேபிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

எந்தச் சனம் வந்து போனது? உங்களுக்கு அந்தக் காட்டில் யாரைத் தெரியும்? சித்திரை வருஷப்பிறப்புக்கு வெள்ளைக்காரன் உன் வீட்டுக்கு வருவானா? ஏன் உன் கால் வீங்கும் அளவுக்கு ஓடினாய்? நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வருகிறது, உன்னைப் பற்றிக் கேட்டால் வருவதில்லை.

சனம் கூடினால் மலசலகூடப் பாவனை கூடும், அது சரி. ஆனால் அது வெள்ளை நுரையும் புளித்த மணமும் தராது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படியொரு தண்ணீரை நான் காணவில்லை. பக்ரறியில் இதையே யோசித்துக்கொண்டு நின்று பொருந்தாத மூடிகளையெல்லாம் போகவிட்டுவிட்டேன். சுப்பர்வைசர், என் மகன் வயது இருக்கும், "அங்கிள், கனவோ?" என்று கேட்கிறான்.

எனக்குச் சொல்லாத ஏதோ ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. தண்ணீர் பொய் சொல்லாது.

தியாகலிங்கம்

*

சிவமயம்

பிரையர்வில்
9 ஜூன் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே சுகமில்லை.

மே கடைசியில் இருந்து இது வெள்ளிக்கிழமை நோய் இல்லை, தினமும் வருகிறது. முதல் சோதனை தவறிவிட்டது. ஓடையில் மீன் செத்து மிதந்ததாக யாரோ பேர்ணடெற்றிடம் சொல்லியிருக்கிறார்கள். அவ இவரைக் கூப்பிட்டு, இன்னொன்றும் தவறினால் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டா. இரண்டாவது சோதனை ஒக்ரோபரில்.

இவர் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறார். விரதம் என்கிறார், ஆனால் இறங்கவில்லை என்பதுதான் உண்மை.

நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதினால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள்.

பேபி

*

ஸ்காபரோ
24 ஜூன் 1996

பேபி,

நீ என்ன மறைக்கிறாய்?

தி.

*

சிவமயம்

பிரையர்வில்
4 ஓகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி? கடிதம் இல்லாமல் ஆறு கிழமையாகிறது.

ஒரு புதினமான செய்தி. ஜூலை நடுப்பகுதியில் இருந்து தண்ணீர் தானாகவே தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் நுரை. இவருக்கு மகிழ்ச்சி, ஆனால் ஏன் என்று தெரியாத மகிழ்ச்சி நிற்காது என்று பயப்படுகிறார். ஒக்ரோபரில்தான் சோதனை, அந்த நேரம் இங்கே ஒன்பது நாள் ஒரே சனமாக இருக்கும்.

இன்னொன்று. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விட்பியில் இருக்கிற சிவபாதம் அண்ணையின் கார் மாதிரி ஒன்று எங்கள் தெருவில் நின்றதாம். தொப்பி போட்ட ஒருவர் தெரு நடுவில் குனிந்துகொண்டு நின்றாராம். இவர் ஓடிப்போய்ப் பார்க்கக் கார் போய்விட்டது. "உம்மட அண்ணையின்ர முதுகு மாதிரி இருந்துது" என்கிறார்.

நீங்களா?

பேபி

*

ஸ்காபரோ
2 செப்ரெம்பர் 1996

பேபிக்கு,

தவமணி சுகம். நான் எப்படி என்று வாசித்தபின் நீயே முடிவுசெய்.

அந்த முதுகு என்னுடையதுதான்.

நீ சொல்லமாட்டாய் என்று விளங்கியபின், தண்ணீரிடமே கேட்போம் என்று சிவபாதத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதலில் நிலையத்துக்குப் போனோம். கேற் பூட்டு, உள்ளே ஒருவரும் இல்லை. வேலிக்கு வெளியே தெருவில் இருந்த மான்ஹோல் மூடியைச் சிவபாதத்தின் கார்க் கம்பியால் நெம்பினேன். "அண்ணை, பொலிஸ் வந்தா நான் உங்களைத் தெரியாதெண்டு சொல்லுவன்" என்றான். கீழே வெள்ளைத் தண்ணீர் ஓடியது. மேலே அடுத்த மூடி, அங்கேயும் வெள்ளை. ஊரில் நாங்கள் இப்படித்தான் தேடுவோம். தண்ணீர் வரும் திசைக்கு எதிராக, மூடி மூடியாக ஏறவேண்டும். தபால்கந்தோர்ச் சந்தியில் குழாய் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்தில் இருந்து சாதாரண ஊத்தைத் தண்ணீர். வலப்பக்கத்தில் இருந்து பால்.

பாலேதான். மஞ்சள் கலந்து, இரண்டொரு பூவிதழும் மிதந்து வந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கனடாவில் ஒரு தெருவின் அடியில் செவ்வரத்தம்பூ ஓடுகிறது. சிவபாதம்தான், "அண்ணை, மேளச் சத்தம் கேக்குதே" என்றான்.

நிமிர்ந்தால் உன் பழைய சேர்ச். வாசலில் வாழையும் தோரணமும். ரொறன்ரோவில் இருந்து வந்த வான்கள். பட்டு வேட்டியில் நவரட்ணம் நின்று ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கொமிற்றி இரண்டாகப் பிரிந்தது என்று கேள்விப்பட்டேன். பிரிந்த பாதி உன் வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நீ வாடகைக்கு இருக்கவில்லை. கோயில் பராமரிக்கப் போயிருக்கிறாய். நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் முடியும் நாளில் நான் வந்து நின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அபிஷேகம்தான் உன் வெள்ளிக்கிழமை நுரை, இந்தத் தினசரி அபிஷேகம்தான் மே கடைசியில் தொடங்கி ஜூலையில் தானாக மாறிய நோய்.

அப்போதுதான் உன் மனுசனைக் கண்டேன். தோளில் ஒரு பெட்டி, அதற்குள் அடுக்கின பால் பைகள். இறக்கி வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடுகிறான். தன் கையாலேயே பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அது சுவாமியின் தலையில் இருந்து இறங்கி, தரையில் இருக்கும் பழைய வடிகால் வாயால் தெருக் குழாய்க்குப் போகிறது, பிறகு இவனே நிலையத்துக்கு ஓடிப்போய் வாளியால் நுரை அள்ளுகிறான். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை அவனுக்கு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விளங்கியது. உங்களுக்கு அது தீர்த்தம். தீர்த்தத்தைக் கழிவு என்று நினைக்க உங்கள் மூளை விடாது. நான் "யாராவது பாலைக் கொட்டுகிறார்களா" என்று கேட்டால், இல்லை என்று நெஞ்சறிய எழுதுவாய். ஆனால் கிருமிகளுக்குச் சுவாமியின் தலையில் இருந்து வந்த பாலும் ஒன்றுதான், பசுவில் இருந்து வந்த பாலும் ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்கள் சுவாமி ஒரு மணித்தியாலத்துக்குள் இருநூறு பேரைப் புதிதாக அந்த ஊருக்குள் குடியேற்றினார். இமிக்கிரேசன்கூட அவ்வளவு வேகமில்லை.

நீ படியில் நின்று யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாய். மெலிந்திருந்தாய். நான் கூப்பிடவில்லை.

அதன்பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. நவரட்ணத்தின் கோயில் ஓடையில் மீனைக் கொல்லுகிறது என்று அரசாங்கத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். உறையில் விலாசமும் எழுதி முத்திரையும் ஒட்டினேன். தவமணி அதைப் பார்த்துவிட்டு, "நவரட்ணம் ரொறன்ரோவில வேற இடம் பாப்பார். சச்சி எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். அந்த முத்திரையைத்தான் உரித்து இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன். ஓரம் கிழிந்திருக்கும்.

படம் இணைத்திருக்கிறேன். கருவறை வடிகாலைத் தெருக் குழாயில் இருந்து வெட்டி, வாயைச் சீமெந்தால் அடைக்கவேண்டும். பால், தயிர், தேன், பழம் அபிஷேகமாகும்போது கோமுகியின் கீழ் வாளி வைத்து எல்லாவற்றையும் ஏந்தவேண்டும். பால் பண்ணைக்காரன் வயலுக்கு விசிற எடுத்துக்கொள்வான். போய் மரியாதையாகக் கேட்கச் சொல். கடைசியில் விடும் தண்ணீர் மட்டும் பின்வளவில் கல் நிரப்பிய குழிக்குப் போகட்டும். குழி மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இருக்கவேண்டும், ஆகவே நவராத்திரிக்கு முன், இப்போதே வெட்டவேண்டும். பேர்ணடெற்றிடம் முதலில் சொல்லிவிட்டு வெட்டட்டும். பிறர் வாயால் அவ அறியக்கூடாது. வாளிகள் சிவபாதத்தின் காரில் வரும். எங்கள் பக்ரறியில் கழித்தவை, மூடி பொருந்தாது. ஏந்துவதற்கு மூடி எதற்கு?

தீர்த்தம் மலத்தோடு கலக்கக்கூடாது, கால்பட ஓடக்கூடாது என்று எந்தக் குருக்களைக் கேட்டாலும் சொல்லுவார். பட்டு வேட்டி கட்டத் தெரிந்த நவரட்ணத்துக்கு அது தெரியவில்லை. இதை அவரிடம் நான் எழுதியபடியே சொல்லலாம். என் பெயரைச் சொல்லவேண்டாம். சொல்லாமல் விட்டால் அதையும் நான் மறக்கமாட்டேன்.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்று மிச்சம். நீ வீட்டுவிஞ்ஞானம் படிப்பித்தவள். பால் திரிந்த மணம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். முதல் கடிதத்திலேயே புளித்த மணம் என்று எழுதியவளும் நீதான். உனக்கு உண்மையாகவே தெரியாதா, அல்லது எப்போதிருந்து தெரியும்?

இதற்குப் பதில் வேண்டும்.

அண்ணன்
தியாகலிங்கம்

*

சிவமயம்

பிரையர்வில்
27 ஒக்ரோபர் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். அண்ணிக்கு இப்போது படி ஏற முடிகிறது என்று சிவபாதம் அண்ணை சொன்னார், கேட்டு நிம்மதி.

நீங்கள் கீறியபடியே குழி வெட்டியாகிவிட்டது. இவரும் பால் பண்ணைக்காரனும்தான் வெட்டினார்கள். அவன் பாலை வாளி வாளியாக எடுத்துப்போகிறான். "எங்கள் வயலுக்கு உங்கள் கடவுளின் மிச்சம்" என்று சொல்லிச் சிரிக்கிறானாம், நல்ல மனுசன். பேர்ணடெற்றிடம் இவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். அதற்கு அவ, "நான் இந்தச் சேர்ச்சில்தான் ஞானஸ்நானம் பெற்றேன், அந்த வடிகால் எங்கே போகிறது என்று நானும் ஒருநாளும் யோசிக்கவில்லை" என்றாவாம்.

நவராத்திரி ஒன்பது நாளும் தண்ணீர் தெளிவு. எட்டாம் நாள் வந்து எடுத்த சோதனை பாஸ். இவரை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

விஜயதசமி அன்று நவரட்ணம் வழக்கம்போல முதல் காளாஞ்சியை இவரிடம் நீட்டினார். இவர் கையை நீட்டவில்லை. "இது இஞ்சினியர் தியாகலிங்கத்துக்குச் சேரவேண்டியது. அவர் தந்த குழியாலதான் கோயில் நிக்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நவரட்ணம், "இஞ்சினியர் வந்திருக்கிறாரோ?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். "வரேல்லை. கமராவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, அவர் வாற வழிக்கு மறைக்குது" என்றார் இவர். சனம் சிரித்தது. நவரட்ணத்துக்கும் சிரிக்கவேண்டி வந்தது.

தட்டத்தில் இருந்ததை மஞ்சள் துணியில் கட்டிச் சிவபாதம் அண்ணையிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். வெற்றிலை வாடியிருக்கும். தேங்காய் நல்லது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வேறு விசேஷமில்லை. செவ்வாய்க்கிழமையில் இருந்து புளோவரில் ஏதோ ஒரு சத்தம் வருகிறது, அண்ணை. இவர் ஒன்றுமில்லை என்கிறார். எனக்கென்னவோ அது சரியாகப் படவில்லை. என்னவாக இருக்கும்? கட்டாயம் எழுதுங்கோ.

அன்புத் தங்கை
பேபி